கொடுத்த கைப்பிரதி தரையில் கிடந்தால்

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

எங்கள் சபை வாலிபர்கள் 4 பேர் சனிக்கிழமைதோறும் பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதி, அதாவது வசனம் அச்சிட்ட துண்டுத்தாள், கொடுக்கிறோம். முக்கால் மணி நேரத்தில் 500 தீர்ந்துவிடும். போன வாரம் முடித்துத் திரும்பும்போது பார்த்தால் பாதிக்கு மேல் தரையில் கிடந்தது, வசனத்தின் மேலேயே மிதித்துப் போகிறார்கள். மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. இனி காகிதமே வேண்டாம், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்கிறான் ஒருவன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? நாங்கள் கொடுக்கும் பிரதியைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள தம்பி,

கீழே கிடந்ததைப் பொறுக்கி எடுத்தீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். எடுக்கவில்லையென்றால் இந்த வாரம் முதல் வேலை அதுதான். அந்த இடத்தைக் கூட்டுகிற அம்மா உங்கள் சபையைப் பற்றி என்ன நினைப்பார் என்பதும் சாட்சிதானே.

நாலு பேர், முக்கால் மணி நேரம், 500 பிரதி. ஒரு ஆளுக்கு அரை நிமிஷம்கூட வரவில்லை. அதற்குள் எதிரில் நிற்பவரின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியாது, பிறகு அவர் எப்படி உங்கள் தாளைப் பார்ப்பார்?

பிரதியைப் பார்த்தேன். இளஞ்சிவப்புத் தாள், பொடி எழுத்து, வரிசையாக வசனங்கள், பின்பக்கத்துச் சபை முத்திரையில் போன் நம்பர் பாதி மங்கிக் கிடக்கிறது. வசனங்களில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சபைக்கே வராத ஒருவருக்கு அதில் எத்தனை சொல் புரியும்?

உங்கள் வயதில் நானும் இதைத்தான் செய்தேன். ஒருநாள் திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெரியவரிடம் பிரதியை நீட்டினேன். வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, "எனக்கு எழுத்து தெரியாதுய்யா, நீயே வாசி" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். நீதிமான் என்ற இடத்தில் நிறுத்தி, "கோர்ட்டுல இருப்பாரே, அவரா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று விளக்கத் தெரியவில்லை, அதுவரை எத்தனையோ நூறு பேருக்கு அந்தத் தாளைக் கொடுத்திருந்தேன். மீட்பு என்று வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "அடகு வச்சத மீட்டுறது. வீட்டுக்காரி கம்மல இன்னும் மீட்டபாடில்ல" என்றார், கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப வட்டியும் முதலும் யாரு கட்டுனா?" என்று கேட்டார். சிலுவையைப் பற்றி அதைவிடச் சரியான கேள்வியை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. பஸ் வருகிறவரை அதையே பேசிக்கொண்டிருந்தோம், பேத்தியிடம் வாசிக்கச் சொல்வதாகத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறினார்.

ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்குவை நினைத்துப் பாருங்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர். லண்டனிலிருந்து அச்சுப்பொறியும் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்து சேர்ந்த பிறகு, 1713இல் அவர் அச்சிட்ட சிறு நூலில் இந்த ஊர் மக்களின் நம்பிக்கையை 'அக்கியானம்' என்றே எழுதினார். அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை, எதிரில் இருப்பவரை அறிவில்லாதவர் என்று சொல்லிக்கொண்டே நல்ல செய்தி சொல்ல முடியாது. ஆனால் அதே மனிதர்தான் தமிழ் ஏடுகளைத் தேடித்தேடிச் சேர்த்தார், தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார், அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மன் மொழியில் அச்சேற வைத்தார். தமிழர் தெய்வங்களைப் பற்றி அதே 1713இல் அவர் எழுதிய பெரிய நூலை ஹாலேயில் அச்சிட மறுத்துவிட்டார்கள். 1867இல்தான் சென்னையில் அது அச்சாகி வந்தது. சொல்வதற்கு மட்டுமல்ல, கேட்பதற்கும் அவரிடம் காகிதம் இருந்தது.

அந்தக் காகிதமும் தாராளமாகக் கிடைத்ததில்லை. புதிய ஏற்பாட்டை அச்சடிக்கும்போது ஹாலே எழுத்து பெரிதாக இருந்ததால் தாள் போதவில்லை, சிறிய எழுத்தை இங்கேயே வார்த்து 1715இல் முடித்தார்கள். பொறையாறில் காகித ஆலையே வைத்துப் பார்த்தார்கள். அப்படி எண்ணி எண்ணிச் செலவழித்த தாள் தம்பி, நாம் இன்று கட்டுக்கட்டாக வீசுகிறோம்.

பதில் வரும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்த சைவ அறிஞர் ஆறுமுக நாவலர், பிறகு சொந்தமாக அச்சுக்கூடம் வைத்து மிஷனரிகளுக்கு அச்சிலேயே மறுப்பு எழுதினார். எழுதட்டுமே, நாம் நீட்டினால் அவர்களும் நீட்டுவார்கள், வாங்கிப் படிக்க வேண்டியதுதான். ஒருவர் வேண்டாம் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரியில் எழுந்து போக முடியாமல் படுத்திருப்பவர் கையில் திணிக்காதீர்கள், அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

வாட்ஸ்அப் சரி, தெரிந்தவர்களுக்கு அனுப்பலாம். ஆனால் அந்தப் பெரியவரிடம் போனில் நான் என்ன அனுப்பியிருக்க முடியும்?

இந்தச் சனிக்கிழமை 500 வேண்டாம், ஆளுக்கு 5 போதும். போவதற்கு முன் பிரதியை உங்கள் பாட்டியிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், அவர்கள் நிறுத்திக் கேட்கிற இடத்தையெல்லாம் பேனாவால் வட்டமிடுங்கள். அடுத்த தடவை அச்சுக்குக் கொடுக்கும்போது அந்த இடங்களை மாற்றி எழுதுங்கள், போன் நம்பரும் தெளிவாக இருக்கட்டும். அப்புறம் பஸ் ஸ்டாண்டில் யார் என்ன கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி எனக்கும் அனுப்புங்கள். எனக்கு அந்தக் கேள்விகள் வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்