கிணறும் சொட்டுநீரும் இருந்தால் சிறு விவசாயி குடும்பம் முன்னேறிவிடுமா?

சொட்டுநீர் போட்டால் விளைச்சல் எவ்வளவு கூடும் என்றுதான் பலரும் கேட்பார்கள். எங்களுக்குத் திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கரும் ஒரு கிணறும் உண்டு. என் அப்பாவைக் கேட்டால் தூக்கத்தைப் பற்றித்தான் முதலில் சொல்வார்.

தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். ஆனால் மோட்டார் ஓடத் தேவையான த்ரீ ஃபேஸ் கரண்ட் அப்போதெல்லாம் பாதி நாள் ராத்திரியில்தான் வரும். டார்ச்சும் மண்வெட்டியுமாகப் போய் மடை திருப்ப வேண்டும். பாம்புப் பயம் வேறு. கிணறு இரண்டு மணி நேரத்தில் வற்றிவிடும், கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் எட்டவே எட்டாது.

சொட்டுநீர் போட்ட பிறகு அதே தண்ணீர் ஒன்றரை ஏக்கருக்கும் பாய்கிறது. விடிந்த பிறகு வால்வைத் திறந்துவிட்டால் போதும். களையும் குறைவு. சோளமும் கடலையும் போட்ட காலத்தில் வருஷத்துக்கு ஒருமுறை வரும் காசு, வந்த அன்றே கடனுக்குப் போய்விடும். இப்போது மல்லிகை. பூக்கடையில் வாரக் கணக்கு. முகூர்த்தம் இல்லாத நாளில் விலை படுத்துவிடும் என்றாலும், மளிகைக் கடையில் கடன் சொல்வது நின்றுவிட்டது. ஆனால் மல்லிகை மொட்டை விடியும் முன்னே பறிக்க வேண்டுமே! அம்மா நாலு மணிக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். அவருடைய தூக்கத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சொட்டுநீருக்கு அரசு தரும் மானியம் நல்ல விஷயம்தான். ஐந்து ஏக்கருக்குள் இருந்தால் நூறு சதவீதம், மற்றவர்களுக்கு 75. சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்கள், சிறு குறு விவசாயி சான்று எல்லாம் வாங்க நாலு நடை அலைய வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் அணில் ட்யூபைக் கடிக்கும், உப்புத் தண்ணீர் துளையை அடைக்கும். அது நம் பாடு.

உண்மையான அடி வேறு இடத்தில் விழுந்தது. பக்கத்துத் தோட்டத்தில் எழுநூறு அடிக்கு ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போட்டார்கள். எங்கள் கிணற்று மட்டம் இறங்கியது. நாங்களும் நகையை அடகு வைத்துப் போர் போட்டோம், வெறும் புழுதிதான் பறந்தது. நகையை மீட்க இரண்டு வருஷம் ஆனது. பக்கத்துக்காரரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கும் இரண்டு ஏக்கர்தான்.

அதனால் சொட்டுநீருக்கு மனுப் போடும் முன், சித்திரையில் உங்கள் கிணறு எத்தனை மணி நேரம் இறைக்கிறது, மறுபடி ஊற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். எந்தப் பயிர் என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.