மசாய் மாரா: நிறுவனத்தைவிட வழிகாட்டியைப் பாருங்கள்

ஆகஸ்டில் அப்பா அம்மாவுடன் மூன்று நாள் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகிறீர்கள். ஒரே சஃபாரி சுற்றுலா நிறுவனத்தைச் சிலர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் திட்டித் தீர்க்கிறார்கள், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டுமே உண்மையாக இருக்கும். நிறுவனம் ஒன்றுதான், வந்த வழிகாட்டி வேறு. எனவே, யாரை அனுப்புவார்கள் என்று பெயரோடு கேளுங்கள். கென்யாவின் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் கொடுக்கிறது. வெள்ளித் தரம் கிடைத்தால் விடாதீர்கள்.

நல்ல வழிகாட்டி ரேடியோவில் சிங்கம் என்று கேட்டதுமே பறக்க மாட்டார். வண்டியை அணைத்துவிட்டு, இம்பாலா மான்கள் எல்லாம் ஒரே புதரைப் பார்த்து விறைத்து நிற்பதைக் காட்டுவார். பல நேரம் சிறுத்தை அங்கேதான் பதுங்கியிருக்கும்.

அப்புறம் விலை. ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணமே ஆளுக்கு நாளொன்றுக்கு 200 டாலர். மலிவாகச் சொன்னவர் இதைச் சேர்த்துத்தான் சொன்னாரா? எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நைரோபியிலிருந்து சாலைவழி ஐந்தாறு மணி நேரம், கடைசிப் பகுதி குலுக்கி எடுக்கும். பெரியவர்கள் வருவதால் மினி பஸ் வேண்டாம், தனி லேண்ட் குரூசர் கேளுங்கள்.

வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) மந்தை ஆற்றைக் கடப்பதைக் கட்டாயம் காட்டுவோம் என்று யாராவது சொன்னால் முன்பணம் கட்டாதீர்கள். மணிக்கணக்கில் கரையில் நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போகும் மந்தைகள் உண்டு.