கொலுசுப் பட்டறைக்கு வீட்டிலேயே மெயில் சர்வர்

கேள்வி: வணக்கம் அண்ணா. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். ஆர்டரும் டிசைன் படங்களும் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று பட்டறை பெயரில் டொமைன் வாங்கி, பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும், வந்த மெயிலைப் படிக்கத் தரும் டவ்காட்டும் நிறுவினேன். வீட்டுக்குள் மெயில் போய்வருகிறது. ஜிமெயிலுக்கு அனுப்பினால் போகவில்லை, வெளியிலிருந்தும் எதுவும் வரவில்லை. சாதாரண வீட்டு ஃபைபர் இணைப்புதான். சரி செய்ய வழி உண்டா? மாதாந்திர மின் நிறுத்தம் அன்று வரும் மெயில் தொலைந்துவிடுமா?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: வழி இருக்கிறது, தங்கச்சி. வீட்டுக்குள் மெயில் ஓடுகிறது என்றால் நீங்கள் நிறுவியதில் பெரிய கோளாறு இல்லை. சிக்கல் லைனில் இருக்கிறது.

முதலில் ரூட்டருக்குள் போய் WAN ஐ.பி. முகவரியை, அதாவது இணையப் பக்கம் ரூட்டருக்குக் கிடைத்த எண்ணைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், உங்களுக்கென்று தனி முகவரி கிடையாது. ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோடும் சிஜிநாட் முறைக்காகவே 2012-இல் ஒதுக்கிய எண்கள் அவை. அப்படி இருந்தால் ரூட்டரில் எத்தனை முறை போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே இருக்கும் சர்வருக்குத் திருப்பிவிடுவது) செய்தாலும் வெளி மெயில் உள்ளே வராது.

அனுப்புவதற்கு வருவோம். இன்னொரு சர்வரோடு இணைத்துப் பார்க்கும் டெல்நெட் கட்டளையில் ஜிமெயிலின் மெயில் சர்வரை போர்ட் 25-இல் (சர்வர்கள் தங்களுக்குள் மெயில் கொடுக்கும் வாசல் எண்) கூப்பிடுங்கள். 220 என்று தொடங்கும் வரி வந்தால் வழி திறந்திருக்கிறது. ஒன்றுமே வராமல் நின்றுகொண்டே இருந்தால் இணைப்புக்காரர் அடைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வைரஸ் புகுந்த கம்ப்யூட்டர்கள் ஸ்பேம் கொட்டுவதைத் தடுக்க வீட்டு லைன்களில் இப்படிச் செய்வது வழக்கம்.

திறந்திருந்தாலும் போதாது. ஸ்பேமைத் தடுக்கப் பட்டியல்கள் வெளியிடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியலில் வீட்டு இணைப்பு முகவரிகள் ஏராளமாக உண்டு. நீங்கள் தப்பு செய்தீர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை, 'இங்கிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது' என்ற குறிப்பு மட்டுமே. ஜிமெயிலோ 2024 பிப்ரவரியிலிருந்து யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் (இந்த டொமைன் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்ற பதிவு) அல்லது டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையொப்பம்) கேட்கிறது, ஐ.பி. முகவரிக்கு உரிய பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவும் சரியாக இருக்கவேண்டும். முதல் இரண்டையும் டொமைன் பக்கத்தில் நீங்களே சேர்க்கலாம். பிடிஆர் மட்டும் ஐ.பி. முகவரி யாருடையதோ அவர்கள் கையில்.

மாறாத ஸ்டேட்டிக் ஐ.பி. வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே "பிடிஆர் போட்டுத் தருவீர்களா, போர்ட் 25 திறப்பீர்களா" என்று கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் 'சரி' வராவிட்டால் அது வீண் செலவு.

உங்களுக்கு நான் சொல்வது, சின்ன விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுப்பதுதான். அங்கேயும் போர்ட் 25-ஐ அடைத்து வைப்பவர்கள் உண்டு, கேட்டுவிட்டு எடுங்கள். மெயில் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் டொமைனின் எம்எக்ஸ் பதிவு விபிஎஸ்ஸைக் காட்டட்டும். வீட்டு சர்வரிலிருந்து அதற்கு ஒயர்கார்ட் டன்னல் (இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே மறைகுறியாக்கிய தனிப் பாதை) போடுங்கள். இணைப்பு வீட்டுப் பக்கத்திலிருந்து கிளம்புவதால் சிஜிநாட் குறுக்கே நிற்காது. இணைப்பு உயிரோடு இருக்க அவ்வப்போது சின்னச் செய்தி அனுப்பும் கீப்அலைவை 25 விநாடி வைத்தால் லைன் அறாமல் இருக்கும்.

இங்கே ஒரு இடத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். விபிஎஸ்ஸில் போர்ட் 25-ஐ முகவரி மாற்றி அப்படியே வீட்டுக்குத் திருப்பிவிட்டால், உலகத்தில் யார் அனுப்பினாலும் டன்னல் முகவரியிலிருந்து வந்ததுபோல உங்கள் போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியும். அந்த முகவரி போஸ்ட்ஃபிக்ஸ் நம்பும் முகவரிகளைக் குறிக்கும் 'மைநெட்வொர்க்ஸ்' வரியில் இருந்தால் சர்வர் ஓப்பன் ரிலே ஆகிவிடும், அதாவது யார் வேண்டுமானாலும் அதன் வழியாக யாருக்கும் மெயில் அனுப்பலாம். ஸ்பேம்காரர்கள் மோப்பம் பிடிக்க அதிக நேரம் ஆகாது. ஆகவே விபிஎஸ்ஸிலும் ஒரு போஸ்ட்ஃபிக்ஸ் வையுங்கள். அது வாங்கி வீட்டுக்குத் தள்ளட்டும், வீட்டிலிருந்து போவதையும் அதுவே அனுப்பட்டும். எந்தெந்தப் பெயருக்கு மெயில் வாங்கலாம் என்ற பட்டியலையும் அதனிடம் கொடுத்துவிடுங்கள். இல்லாத பெயருக்கு வருவதை வாசலிலேயே மறுத்துவிடும்.

அப்புறம் கரண்ட். காலை 9 முதல் மாலை 5 வரை நிறுத்தினாலும் மெயில் தொலையாது. விபிஎஸ்ஸில் உள்ள போஸ்ட்ஃபிக்ஸ் தானாக 5 நாள் வரை வைத்திருந்து திரும்பத் திரும்ப முயலும். ஃபைபர் பெட்டி, ரூட்டர், சர்வர் மூன்றையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் போட்டுவிட்டால் சின்னச் சின்ன மின்வெட்டுகள் தெரியவே தெரியாது. யு.பி.எஸ்.ஸும் தீர்ந்துபோகும் நாளுக்காக, கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானே ஆன் ஆகும்படி பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்பு) மாற்றி வையுங்கள்.