தோட்டத்து வீட்டுக்கு கிரேட் டேன் சரிப்படுமா?

கேள்வி: பெருந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 66 வயது. நான் கோவையில் வேலை பார்க்கிறேன், வாரக் கடைசியில்தான் ஊருக்குப் போக முடிகிறது. காவலுக்கு ஒரு கிரேட் டேன் குட்டி வாங்கி விடலாம் என்று இருக்கிறேன். இடத்துக்குப் பஞ்சமில்லை. வேறு என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

கால்நடை மருத்துவரின் பதில்:

தோட்டத்தில் தனியாக இருக்கும் பெற்றோரை நினைத்து நீங்கள் பயப்படுவது நியாயம்தான். நம் பக்கம் தோட்டத்து வீடுகளில் நடந்த கொள்ளைச் சம்பவங்களுக்குப் பிறகு இதே கேள்வியோடு பலர் வருகிறார்கள். எல்லோரும் முதலில் சொல்வது இடம் இருக்கிறது என்பதைத்தான். நான் கேட்பது ஆளை. இரண்டு வருடம் கழித்து, சித்திரை வெயிலில், நீங்கள் ஊரில் இல்லாத ஒரு நாளில் அந்த நாய்க்கு உடம்புக்கு முடியாமல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரேட் டேன் வளர்ந்தால் 50 முதல் 80 கிலோ வரும். அதைத் தூக்கி வண்டியில் ஏற்ற அங்கே யார் இருக்கிறார்கள்? இதற்குப் பதில் கிடைத்த பிறகு குட்டி தேடலாம்.

செலவும் எடையைப் பொறுத்ததுதான். குடற்புழு மாத்திரை, உண்ணி மாத்திரை, ஆன்டிபயாடிக், மயக்க மருந்து எல்லாமே கிலோ கணக்கில் கொடுப்பவை. 60 கிலோ நாய்க்கு உலர் தீவனம் மட்டுமே மாதம் 20 கிலோ அளவுக்குப் போகும்.

வளர்கிற காலத்தில் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு கால்சியம் டானிக். பெரிய நாய், எலும்பு பலமாக இருக்கட்டும் என்று பாசத்தோடு ஊற்றுகிறார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளின் உடம்புக்குக் கூடுதல் கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது. உள்ளே போனதில் பெரும்பகுதி அப்படியே சேர்ந்து எலும்பும் மூட்டும் கோணலாகிவிடும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் தீவனம் கொடுத்தால் டானிக் எதுவும் வேண்டாம். வீட்டுச் சாப்பாடுதான் என்றால் வெறும் பால் சோறு, தயிர் சோறு போதாது. கறியும் முட்டையும் கால்சியமும் எந்த அளவில் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குட்டி கொழுகொழுவென்று இருக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். வழுக்கும் டைல்ஸ் தரையில் ஓடவும் விடாதீர்கள், இடுப்பு மூட்டுக்கு ஆகாது.

அப்புறம் வயிறு முறுக்கிக்கொள்வது. நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி அப்படியே திருகிக்கொள்ளும். கிரேட் டேனுக்கு இந்த ஆபத்து மற்ற இனங்களைவிட மிக அதிகம். வாந்தி எடுக்கப் பார்க்கும், ஒன்றும் வராது. எச்சில் ஒழுகும். வயிறு பறை மாதிரி இறுகிவிடும். நிற்கவும் படுக்கவும் முடியாமல் தவிக்கும். காலையில் பார்க்கலாம் என்று விட்டால் அனேகமாக நாய் பிழைக்காது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்க வேண்டும். கைவைத்தியமும் ஓம வாட்டரும் கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் இந்த அறுவை சிகிச்சைக்கு வசதி இருக்காது. அதனால் குட்டி வாங்கும் முன்பே ஈரோட்டிலும் கோவையிலும் இரவில் பெரிய நாய்க்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனை எது, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் எந்த நேரம் பார்க்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்து எண்களை அப்பாவின் போனில் பதிந்து வையுங்கள். தடுக்கவும் வழி உண்டு. ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட விடாதீர்கள். கருத்தடை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடவும் முடியும். கிரேட் டேன் வைத்திருப்பவர்களிடம் இதைச் செய்யச் சொல்லி நான் வற்புறுத்துவேன்.

ஈரோடு, கரூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது உங்களுக்கே தெரியும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். தகரக் கொட்டகை போட்டு அதற்குள் கட்டி வைப்பது கொடுமை. வேப்ப மர நிழலில் தென்னங்கீற்று வேயுங்கள், உயரமாக, காற்று வருகிற மாதிரி. நாக்கு கருஞ்சிவப்பாகி நாய் தள்ளாடினால் உடனே தண்ணீரை உடம்பில் ஊற்றி ஃபேன் காற்றில் படுக்க வைத்து, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். ஈரச் சாக்கை மேலே போர்த்தி விடாதீர்கள், சூடு உள்ளேயே நின்றுவிடும்.

உண்ணிக் காய்ச்சல் தமிழ்நாட்டு நாய்களைப் பிடித்த பீடை. நாய் உண்ணி சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயோடு கூண்டையும் சுவரையும் சேர்த்துக் கவனித்தால்தான் ஒழியும். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை அதே அளவில் கலந்து நாய் மேல் ஊற்றாதீர்கள், நரம்பைத் தாக்கிவிடும்.

காங்கேயம், வெள்ளகோவில், பெருந்துறை எல்லாம் பட்டி போட்டு ஆடு வளர்க்கும் ஊர்கள். நாய் கடித்து ஆடு சாவது ஏற்கெனவே அங்கே பெரிய வேதனை. கிளுவைச் செடி நட்ட உயிர்வேலி கிரேட் டேனைத் தடுக்காது. கம்பி வேலியும் தாழ்ப்பாள் உள்ள கேட்டும் வேண்டும். நாய் யாரையாவது கடித்து, அதை அடக்கி வைப்பதில் நீங்கள் அலட்சியமாக இருந்தது தெரிந்தால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ வரலாம். அதனால் பழக்குவதை இரண்டாம் மாதத்திலேயே தொடங்குங்கள். ஆறு மாதத்தில் அது 40 கிலோவை நெருங்கிவிடும், அப்போது கயிற்றைப் பிடித்து இழுத்துப் பழக்க அப்பாவால் முடியாது. பழக்குபவர் தினமும் கூட இருப்பவராக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை வரும் நீங்கள் சொல்வதை நாய் கேட்கும், அம்மா சொல்வதைக் கேட்காது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு கிரேட் டேன் வேண்டாம் என்பதே என் கருத்து. அது ஆள் மேல் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் படுக்க ஆசைப்படும் நாய். களத்தோரம் சங்கிலியில் கிடந்தால் ஏங்கியே கெட்டுவிடும். ஆயுளும் அனேகமாக 7 முதல் 10 வருடம்தான். திருடனுக்குப் பயம் காட்டுவது குரைப்பு. 15, 20 கிலோ எடையுள்ள நாட்டு நாய் இரண்டை ரேபிஸ் உள்ளிட்ட தடுப்பூசிகள் போட்டு, அம்மா கையால் சோறு வைத்து வளர்த்தால் வெயிலையும் தாங்கும், கேட்டில் ஆள் அரவம் கேட்டதும் எழுப்பியும் விடும். கூடவே வாசலில் நல்ல வெளிச்சமும் கேமராவும் வையுங்கள்.

இல்லை, பெரிய நாய்தான் வேண்டும் என்று அப்பாவே விரும்பினால், தாய் தந்தை நாய்களை நேரில் பார்த்து, அவற்றின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய மத்திய அரசின் 2017 விதிகள் சொல்கின்றன. அதற்கு முன்பே தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.