கேள்வி - பதில்: சோடாவும் ஸ்டீரியோவும்

கே: ஸ்பானிஷ் ராக் என்றாலே 'சோடா ஸ்டீரியோ' என்கிறார்களே. அவர்களுக்கு முன்பு ஸ்பானிஷில் ராக்கே கிடையாதா?

ப: ஏன் இல்லை? அர்ஜென்டினாவிலேயே 'லாஸ் கட்டோஸ்' குழு 1967-இல் ஸ்பானிஷில் பாடி சக்கைப்போடு போட்டிருக்கிறது. மெக்சிகோவில் அதற்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அந்தந்த நாட்டு ராக் பெரும்பாலும் அந்தந்த நாட்டோடு நின்றது. எல்லை தாண்டிக் கலக்கியவர்கள் அர்ஜென்டினாவின் சோடா ஸ்டீரியோ குழு.

குழு பிறந்த கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1982-இல் மால்வினாஸ் தீவுகளுக்காக (பிரிட்டன்காரர்களுக்கு ஃபாக்லாந்து) போர் மூண்டபோது, அர்ஜென்டினா ரேடியோக்களில் ஆங்கிலப் பாட்டு நின்றுபோனது. காலியான நேரத்தில் உள்ளூர் ராக் புகுந்துகொண்டது. ரெக்கார்டு கம்பெனிகளும் அதைத் தேட ஆரம்பித்தன. அதே ஆண்டு பியூனஸ் அயர்ஸில் குஸ்தாவோ செராட்டி, செட்டா போசியோ, சார்லி அல்பெர்த்தி மூவரும் கூட்டணி சேர்ந்தார்கள். ஆரம்பத்தில் இவர்களுக்கு ஆதர்சம் யார் தெரியுமா? லண்டனின் 'தி போலீஸ்' ராக் குழு! அப்போது அர்ஜென்டினாவை ஆண்ட ராணுவம் ஆங்கிலப் பாட்டுக்குக் கதவைச் சாத்த, பிரிட்டிஷ் பாணி கொல்லைப்புறமாக வந்துவிட்டது.

முதல் ஆல்பம் 1984-இல். அதோடு பியூனஸ் அயர்ஸிலேயே உட்கார்ந்துவிடாமல் சிலி, பெரு, மெக்சிகோ என்று சுற்றினார்கள். 1987-இல் சிலியின் வினா டெல் மார் இசை விழா மேடை ஏறியதும் பித்து பிடித்த மாதிரி கூட்டம். 1991 டிசம்பரில் பியூனஸ் அயர்ஸின் 9 டி ஜூலியோ சாலையில் இலவசக் கச்சேரி. சுமார் இரண்டரை லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள்.

இவர்களின் 'டி மியூசிகா லிஹேரா' (1990) பாட்டில் மொத்தமே நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு): பி மைனர், ஜி, டி, ஏ. கிட்டார் கற்கும் பையன்கூட ஒரு மாலையில் பிடித்துவிடுவான். 1997 செப்டம்பர் 20 அன்று பியூனஸ் அயர்ஸின் ரிவர் பிளேட் மைதானத்தில் விடைபெற்றபோதும் அதைத்தான் கடைசியாக வாசித்தார்கள். 2017-இல் அர்ஜென்டினா போன பிரிட்டனின் 'கோல்ட்ப்ளே' குழு அதே பாட்டை ஸ்பானிஷில் பாடியது.

2007-இல் மீண்டும் சேர்ந்து ஒரு சுற்று வந்தார்கள். 2010 மே மாதம் வெனிசுலாவின் கராகஸில் தனிக் கச்சேரி முடித்த பாடகர் செராட்டிக்குப் பக்கவாதம். நினைவு திரும்பாமலே 2014 செப்டம்பரில் காலமானார்.

கே: எந்த ஆல்பத்தில் ஆரம்பிக்கலாம்?

ப: 'கன்சியோன் அனிமல்', 1990. கிட்டார் பிடித்தவர்களுக்கு அது போதும். பிறகு தைரியம் இருந்தால் 1992-இன் 'டைனமோ'. வெற்றி ஃபார்முலாவைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரே இரைச்சல் மூட்டம். அப்போது பலருக்கும் பிடிக்கவில்லை. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்.