எழுதிய சட்டமும் எழுதாத சட்டமும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 'சட்டம் என்றால் சட்டம்தான்' என்று நம்பிய நீதிபதிகளால்தான் ஹிட்லரின் ஆட்சி நடந்தது, அதனால்தான் போருக்குப் பிறகு உலகம் இயற்கைச் சட்டத்துக்குத் திரும்பியது என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அநியாயமான சட்டம் சட்டமே அல்ல என்றால், எது அநியாயம் என்று யார் சொல்வது? நீதிபதியா? அவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? இப்படிக் கேட்டால் நண்பர்கள் என்னை மனசாட்சி இல்லாதவன் என்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம்?

ர.

அன்புள்ள ர.,

இந்தக் கேள்வியைக் கேட்பவனுக்கு மனசாட்சி இல்லை என்று நான் நினைக்கவில்லை. மனசாட்சி இருப்பதால்தான் அது உறுத்துகிறது.

சட்டம் படிக்காதவர்களுக்காக முதலில் இரண்டு வரி. நீதிக்கு அடியோடு முரணான கட்டளையை எந்த மன்றம் இயற்றினாலும் அது சட்டம் ஆகாது என்பது இயற்கைச் சட்டத் தரப்பு. உரிய அதிகாரம் உள்ளவர்கள் உரிய முறையில் இயற்றியிருந்தால் அது சட்டம், நல்லதா கெட்டதா என்பது தனிக் கேள்வி என்பது இயற்றிய சட்டத் தரப்பு.

உங்கள் பேராசிரியர் சொன்ன கதையின் வேர் குஸ்டாவ் ராட்புருக். ஜெர்மானியச் சட்ட அறிஞர், ஹிட்லருக்கு முந்தைய வைமார் குடியரசில் நீதி அமைச்சராக இருந்தவர். 1933-இல் நாஜிகள் அவரைப் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து நீக்கினார்கள். போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், ஒரு கட்டுரை எழுதினார். 'சட்டம் சட்டமே' என்ற எண்ணம் ஜெர்மானியச் சட்டத் துறையை நிராயுதபாணியாக்கிவிட்டது, அநீதி தாங்க முடியாத அளவை எட்டும்போது எழுதிய சட்டம் நீதிக்கு வழிவிட வேண்டும் என்றார். அவ்வளவு அழிவைப் பார்த்த மனிதர் சொன்னது. மதிக்கிறேன். ஆனால் அது பாதி வரலாறுதான்.

மீதிப் பாதி இது. 1935-இல் நாஜிகள் குற்றவியல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு செயலைக் குற்றம் என்று சட்டத்தில் எழுதியிருக்காவிட்டாலும், மக்களின் ஆரோக்கியமான உணர்வு அதைத் தண்டிக்கச் சொன்னால், ஒத்த பிரிவு ஒன்றைப் பொருத்தித் தண்டிக்கலாம் என்று சேர்த்தார்கள். எழுத்தை விட்டு நகராதவர்கள் செய்கிற வேலையா இது? எழுத்துக்கு மேலே ஒரு 'உயர்ந்த' நியாயம் இருக்கிறது என்று சொல்லித்தான் அந்த வாசலைத் திறந்தார்கள். இயற்றிய சட்டத் தரப்பின் மிகப் பெரிய சிந்தனையாளரான ஹான்ஸ் கெல்சனோ, அதே 1933-இல் கொலோன் பல்கலைக்கழகத்திலிருந்து துரத்தப்பட்டார். ஆகவே பழி முழுவதையும் ஒரு தரப்பின் தலையில் கட்ட முடியாது.

போருக்குப் பிந்தைய வழக்கு ஒன்றை நீங்கள் வகுப்பில் கேட்டிருப்பீர்கள். 1944-இல் விடுப்பில் வந்த ஒரு சிப்பாய் வீட்டில் ஹிட்லரைப் பற்றித் தாழ்வாகப் பேசினார். அவரை ஒழித்துக்கட்ட நினைத்த மனைவி போய்ச் சொல்லிவிட்டார். மரண தண்டனை விதித்தார்கள், பிறகு போர்முனைக்கு அனுப்பினார்கள், மனிதர் பிழைத்துக்கொண்டார். 1949-இல் மனைவி மீது வழக்கு நடந்து, அவர் செய்தது குற்றம் என்று தீர்ப்பானது. 1958-இல் இயற்றிய சட்டத் தரப்பின் ஆங்கிலேய அறிஞர் எச்.எல்.ஏ. ஹார்ட் ஒரு சட்ட இதழில் இதை எடுத்துக்கொண்டு சொன்னதுதான் எனக்குப் பிடித்தமானது. அந்தப் பெண்ணைத் தண்டிக்கத்தான் வேண்டுமென்றால், முன்தேதியிட்டு ஒரு சட்டம் இயற்றித் தண்டியுங்கள். அதுவும் ஒரு தீமைதான், இரண்டு தீமைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அன்றிருந்த சட்டம் சட்டமே அல்ல என்று பாவனை செய்யாதீர்கள். எதிர்த்தரப்பில் நின்ற அமெரிக்க அறிஞர் லான் ஃபுல்லர் அதே ஆண்டு அதே இதழில் பதில் எழுதினார். அதையும் தேடிப் படியுங்கள், ஹார்ட்டை விடக் கதகதப்பான எழுத்து.

சரி, ஜெர்மனியை விடுங்கள். நமக்கு நம் வீட்டிலேயே ஒரு வழக்கு இருக்கிறது.

1975 ஜூன் 25-இல் நெருக்கடி நிலை. இரண்டு நாளில் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது: அரசியலமைப்பின் 14, 21, 22-ஆவது பிரிவுகளின் உரிமைகளுக்காக யாரும் நீதிமன்றம் போக முடியாது. 21-ஆவது பிரிவு உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காப்பது. விசாரணையின்றி அடைத்துவைக்க வழிசெய்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான மிசாவில் நாடு முழுவதும் பிடித்துப் போட்டார்கள். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31-இல் திமுக ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு சென்னை மத்திய சிறை நிரம்பியது. அதனால்தான் 'மிசா' இன்றும் நம் ஊர் மேடைகளில் ஒருவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்கிற சொல். அந்த ஆணைக்குப் பிறகும் ஆட்கொணர்வு மனுவை, அதாவது ஒருவரை அடைத்தது சட்டப்படிதானா என்று கேட்கும் மனுவை, விசாரிப்போம் என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லின. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதுதான் ஜபல்பூர் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் வழக்கு.

விசாரணையில் நீதிபதி எச்.ஆர். கன்னா அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் கேட்டார்: 21-ஆவது பிரிவில் சுதந்திரம் மட்டுமல்ல, உயிரும் இருக்கிறதே, ஒரு காவல் அதிகாரி சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால் பரிகாரம் உண்டா? என் வாதத்தின்படி, நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்பதே பதில்.

1976 ஏப்ரல் 28-இல் தீர்ப்பு. நான்கு பேர் அரசின் பக்கம், கன்னா ஒருவர் எதிர். நால்வரும் கொடியவர்கள் அல்லர். பகவதி, சுதந்திரத்தின் மேல் எனக்குள்ள பற்று என் பார்வையை மறைத்துவிடக் கூடாது, சட்டத்தின் சொற்கள் தாங்காத பொருளை நான் ஏற்றக் கூடாது என்ற பொருளில் எழுதினார். படிக்க எவ்வளவு நேர்மையாக இருக்கிறது! ஆனால் பேக், காவலில் இருப்பவர்களை அரசு கிட்டத்தட்டத் தாய் போலப் பார்த்துக்கொள்கிறது என்று எழுதினார். அது எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது? எனக்கு ஆறாத இடம் இதுதான். சட்டத்தைப் படித்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. முடிவுக்கு வந்துவிட்டுச் சட்டத்தின் பின்னால் நின்றுகொண்டார்கள்.

உங்கள் நண்பர்கள் கன்னாவை இயற்கைச் சட்டத்தின் நாயகன் என்பார்கள். இல்லை. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் அதே கன்னா, இயற்கை உரிமைகளையோ மனித உரிமைகளையோ காட்டி, அரசியலமைப்பைத் திருத்தும் நாடாளுமன்றத்தின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்த முடியாது, அவை நீதிமன்றத்தில் செல்ல வேண்டுமானால் சட்டத்திலோ அரசியலமைப்பிலோ இடம்பெற்றிருக்க வேண்டும் என்று எழுதியவர். அப்படிப்பட்டவர் 1976-இல் எதை வைத்து எதிர்த்தார்? பெரும்பாலும் தாளில் இருந்ததை வைத்துத்தான். சட்டத்தின் துணையில்லாமல் ஒருவரை அடைக்கக் கூடாது என்ற விதி அரசியலமைப்புக்கு முன்பே இங்கே நடைமுறையில் இருந்தது. 21-ஆவது பிரிவு அதன் ஒரே இருப்பிடம் அல்ல. மிசாவே ஒரு சட்டம், அதற்கென்று நிபந்தனைகள் உண்டு, குடியரசுத் தலைவரின் ஆணை அந்த நிபந்தனைகளை அழித்துவிடவில்லை. மிசாவையே மீறி ஒருவரை அடைத்தால் அதை யார் கேட்பது? இதற்கு வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை, பக்கத்தைப் புரட்டினால் போதும். நியாய உணர்வு அவரைப் புரட்டச் சொல்லியிருக்கும், அதை மறுக்கவில்லை.

இந்தத் தீர்ப்பு தனக்குத் தலைமை நீதிபதி பதவியை இல்லாமல் ஆக்கும் என்று முன்கூட்டியே தன் சகோதரியிடம் சொன்னார். 1977 ஜனவரியில் அப்படியே நடந்தது. அவரைத் தாண்டி பேக் தலைமை நீதிபதியானார், கன்னா பதவி விலகினார். அப்புறம் 1978-இல் 44-ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21-ஆவது பிரிவுகளைத் தொட முடியாது என்று எழுதிவைத்தது. இயற்றிய சட்டம் செய்த காரியம் அது. இதை உங்கள் நண்பர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

2017 ஆகஸ்ட் 24-இல், தனியுரிமை அடிப்படை உரிமையா என்று கேட்ட புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஜபல்பூர் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. அன்றைய நால்வரில் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் அதை எழுதினார். உயிரும் சுதந்திரமும் அரசு போட்ட பிச்சை அல்ல, அரசியலமைப்பு அவற்றைப் படைக்கவும் இல்லை என்ற பொருளில் அதில் வருகிறது. படித்தபோது கண் கலங்கியது உண்மை. ஆனால் உங்கள் சந்தேகம் அப்போது எனக்கும் வந்தது. யாரும் படைக்காத உரிமைகளின் பட்டியலை நாளை இன்னொரு அமர்வு வேறுவிதமாக வாசித்தால்? 1935-இன் 'மக்களின் உணர்வு' நினைவுக்கு வராமல் இல்லை.

ஆகவே நான் ஹார்ட்டின் பக்கம் சாய்பவன். கெட்ட சட்டத்தைக் கெட்ட சட்டம் என்று பெயர் சொல்லி அழைக்க விரும்புகிறேன். இது சட்டம்தான், ஆனால் இதற்கு நான் பணியமாட்டேன் என்று ஒருவர் சொல்லும்போது அந்த முடிவு அவருடையது, அதன் விலையும் அவருடையது. இது சட்டமே இல்லை என்றோ, சட்டம் என்பதால் வேறு வழியில்லை என்றோ சொல்பவர் தன் முடிவை வேறு எதன் மேலோ இறக்கிவைக்கிறார். நான் அறுதியாகச் சொல்ல முடிவது இவ்வளவுதான். ராட்புருக் சொன்ன அந்தத் தாங்க முடியாத எல்லையில் நின்றால் நான் மாறலாம், அந்த இடத்தில் நான் நின்றதில்லை.

தேர்வுக்கு எந்தப் பக்கம் எழுதினாலும் சரி, கன்னாவின் மாறுபட்ட தீர்ப்பைச் சுருக்கத்தில் அல்ல, முழுதாகப் படியுங்கள். 1935 திருத்தம் பற்றிப் பேராசிரியரிடம் கேட்டால் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
க.