27-6க்கு அப்புறம் என்ன நடந்தது?

கேள்வி: 1912ல் அமெரிக்காவின் கார்லைல் கல்லூரி கால்பந்து அணி, செவ்விந்திய மாணவர்களை மட்டுமே வைத்துக்கொண்டு வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியையே தோற்கடித்ததாமே! மைதானத்தில் இறங்கிவிட்டால் எல்லோரும் சமம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பதில்: வேண்டும். இது போதாது.

முதலில், கார்லைல் கல்லூரியே அல்ல. பென்சில்வேனியாவில் ஒரு பழைய ராணுவ முகாமில் 1879ல் தொடங்கிய அரசு விடுதிப் பள்ளி. தொடங்கியவர் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி. ‘அவனுக்குள் இருக்கும் செவ்விந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்று’ என்பது அவருடைய கல்விக் கொள்கை. பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் முடியை வெட்டினார்கள். லகோட்டா என்ற செவ்விந்திய இன மக்கள் துக்கத்துக்குத்தான் முடியை வெட்டிக்கொள்வது வழக்கம். அப்புறம் கரும்பலகையில் ஆங்கிலப் பெயர்களை எழுதி, கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, ஏதாவது ஒன்றைத் தொடச் சொன்னார்கள். தொட்டதுதான் பெயர். லூதர் ஸ்டாண்டிங் பேர் (Standing Bear) என்ற லகோட்டா மாணவர் ‘லூதர்’ ஆனது இப்படித்தான். தாய்மொழியில் பேசத் தடை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். இது நம்ம ஊர் கால்பந்து அல்ல. நீள்பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அந்த சீசனில் கார்லைல் 14 ஆட்டம் ஆடி 12ல் ஜெயித்தது. ஒன்று டிரா, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் மட்டும் தோல்வி. நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயின்டில் 27-6. தோற்ற அணியில் ஐசனோவர் என்ற இளைஞரும் ஆடினார். ஆமாம், பின்னாளில் ஜனாதிபதி ஆனவரேதான். வூண்டட் நீ (Wounded Knee) என்ற இடத்தில் அமெரிக்கக் குதிரைப்படை லகோட்டாக்களைச் சுட்டுக் குவித்து அப்போது 22 வருடம்தான் ஆகியிருந்தது. அந்த வெற்றியை நானும் ரசிக்கிறேன், மறுக்கவில்லை.

ஆனால் கார்லைல் ஏன் பெரும்பாலும் வெளியூரிலேயே ஆடியது என்று யோசித்தீர்களா? டிக்கெட் வசூல் அங்கேதான். அந்தப் பணம் பயிற்சியாளர் பாப் வார்னரின் பிடியில் இருந்த விளையாட்டு நிதிக்குப் போனது. ஆட்டக்காரர்களுக்குத் தனிப் பந்தி, நல்ல சாப்பாடு. மற்ற பிள்ளைகளுக்கு அது கிடையாது. பொறுக்க முடியாமல், 1912ல் குவார்ட்டர்பேக்காக, அதாவது தாக்குதலை வழிநடத்துபவராக, ஆடிய கஸ் வெல்ச்சே விசாரணை கேட்டு மனு கொடுத்தார். இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 1914ல் நாடாளுமன்றக் குழு வந்து விசாரித்தது. வார்னர் நல்ல பயிற்சியாளர்தான், ஆனால் கொள்கை இல்லாத மனிதர் என்று வெல்ச் அங்கே சாட்சி சொன்னார். மைதானத்தில் சமத்துவத்தைக் கண்ட பையன் பேசுகிற பேச்சா இது?

நட்சத்திர வீரர் ஜிம் தோர்ப்பின் கதை இன்னும் மோசம். அதே 1912ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கியவர். காசுக்கு ஆடுபவர்களுக்கு அப்போது ஒலிம்பிக்கில் இடமில்லை; முன்பு கோடை விடுமுறையில் கொஞ்சம் காசுக்கு பேஸ்பால் ஆடினார் என்று 1913ல் இரண்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். எங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று பள்ளியும் வார்னரும் கையை விரித்துவிட்டார்கள். பதக்கங்கள் குடும்பத்துக்குத் திரும்பியது 1983ல். அவர் மட்டுமே வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி ஒப்புக்கொண்டது 2022ல். தோர்ப் இறந்தது 1953ல்; கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

1918ல் பள்ளியை மூடினார்கள். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனை நடத்த ராணுவமே அந்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அங்கேயே செத்துப்போன 180க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வளாகத்துக் கல்லறையில் கிடந்தார்கள். அவர்களின் எலும்புகளை அந்தந்தப் பழங்குடியினர் சமீப வருடங்களாகத்தான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி ஊருக்குக் கொண்டுபோகிறார்கள்.